மாமியார் போட்ட காலண்டர்

கதவைச் சாத்திவிட்டு, தலையை ஒருமுறை வாரிக்கொண்டு அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபோது ஏழு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் ஒருத்திக்கு இவ்வளவு படபடப்பு ஆகாதுதான். ஆனால் முன்பின் தெரியாத ஒரு வழிகாட்டியோடு முதல் வீடியோ பேச்சு. வருகிறவர் பெரிய கையாக இருந்து, "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

திரையில் மாப்பிள்ளை வந்தார்.

"அத்தை?" என்றது கணினி. அதே "அத்தை?" முன்னறையிலிருந்து சுவரைத் தாண்டியும் வந்து சேர்ந்தது.

"மாப்பிள்ளை, நீங்களா!"

மகள் சமையலறையிலிருந்து வந்து இரண்டு அறைக்கும் நடுவில் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. "ஒரே வீட்டுக்குள்ள வீடியோ கால் போடுறீங்களா ரெண்டு பேரும்? நல்லா இருக்கு கூத்து!" என்றாள்.

இந்தக் கூத்து எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவள் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். எந்தக் கட்டிடத்து லிஃப்டுக்கு எந்த மெக்கானிக் என்றைக்குப் போக வேண்டும் என்று நாள் குறிப்பது அவள் பொறுப்பு. எட்டு மெக்கானிக்குகள், முந்நூறுக்கு மேல் லிஃப்டுகள். வருகிற புகார்களையும் பராமரிப்பு வேலைகளையும் பதிந்துவைக்க ஒரு மென்பொருள் இருந்தது. ஓப்பன் சோர்ஸ் சமாச்சாரம். யாரும் சும்மா எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தமும் சொல்லலாம். அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு டிக்கெட். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு கெடு நாள். எல்லாம் சரிதான், ஆனால் அத்தனையையும் ஒன்றின்கீழ் ஒன்றாக நீட்டமாகத்தான் காட்டும். மாதத்தைக் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டச் சொன்னால் அதற்குத் தெரியாது. அதனால் இந்த அம்மாள் திங்கட்கிழமைதோறும் சுவரில் பெரிய தாளை ஒட்டி, கட்டம் போட்டு, நூற்றைம்பது டிக்கெட்டையும் பென்சிலால் எழுதுவாள். முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

போன வருடம் ஒரு பராமரிப்பு வேலை பட்டியலின் நாலாம் பக்கத்தில் கண்ணில் படாமலே கிடந்துவிட்டது. அவளும் அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தாள். அந்த லிஃப்ட் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் நின்று, பல் டாக்டர் ஒருவர் நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்ததும் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார், பாவம். அவளுக்குத்தான் பல நாள் சோறு இறங்கவில்லை. கட்டமாகப் பார்த்திருந்தால் தப்பியிருக்குமே என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தது. அரித்து அரித்து, மாலை வகுப்பில் சேர்ந்து, கணினிக்குக் கோட் எழுதக்கூடக் கொஞ்சம் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்த மென்பொருளுக்கு ஒரு காலண்டர் தானே போட்டுத் தருவதாக விண்ணப்பமும் அனுப்பினாள். சொந்தப் பெயரில் அனுப்ப வெட்கமாக இருந்ததால் 'ஒன்பதாம்மாடி' என்று ஒரு புனைபெயர். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே பழைய ஆள் ஒருவரை வழிகாட்டியாகப் போடுவார்கள். அவளுக்கு 'ஆமை' என்று ஒருவரைப் போட்டார்கள். வீட்டில் ஓய்ந்த நேரத்தில் மாப்பிள்ளை இந்த மென்பொருளுக்கு ஏதோ எழுதுகிறார் என்று தெரியும். ஆமை அவர்தான் என்று யார் கண்டது?

அடுத்த பதிப்பில் என்னென்ன சேர்ப்பது என்று முடிவாக இன்னும் பதினைந்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் வழிகாட்டி ஒப்புக்கொண்ட திட்டம் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் வரை பொறுக்க அவள் தயாராக இல்லை. பிறர் சொன்ன வேலையைப் பிறர் போட்ட பட்டியலில் எழுதியே காலம் போய்விட்டது. தன் தலையிலிருந்து வந்த ஒன்று உலகத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆசையை மகளிடம்கூடச் சொன்னதில்லை.

திட்டம் போட ஆரம்பித்தார்கள். தினமும் மாலையில் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் கணினியை வைத்துக்கொண்டு.

இங்கேதான் வந்தது வினை. கல்யாணமாகி நாலு வருடத்தில் இந்த மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் ஒரு சொல் மறுத்துப் பேசியதில்லை. அவ்வளவு மரியாதை, அவ்வளவு பயம். ஒருமுறை அவள் மாப்பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். அது இரண்டு அளவு சின்னது. மனிதர் அன்றைக்கு முழுக்கக் கையைத் தூக்காமலே நடமாடினார். "ரொம்பப் பொருத்தம் அத்தை" என்று வேறு சொன்னார். அவர் அவளுக்கு வாங்கித் தந்த செருப்பு கடித்தது. அவளும் கொப்புளத்தோடு ஒரு மாதம் அதையே போட்டுக்கொண்டு அலுவலகம் போனாள்.

அப்படிப்பட்ட இருவர் சேர்ந்து திட்டம் போட்டால் எப்படி இருக்கும்?

"ஒவ்வொரு கெடு நாளுக்கும் காலைல ஒன்பது மணின்னு நேரத்தையும் சேர்த்து வச்சிடலாம்னு எழுதியிருக்கேன் மாப்பிள்ளை. எங்க மெக்கானிக்குங்க ஒன்பதுக்குத்தான் கிளம்புவாங்க. சரியா வருமா?"

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். "ரொம்ப நல்லா இருக்கு அத்தை."

"நிஜமாவா?"

"நிஜமா அத்தை. அப்புறம், எனக்கு ஒண்ணு தோணுச்சு. கெடு தாண்டின டிக்கெட் பழைய கட்டத்துலயே கிடந்தா யார் பார்ப்பாங்க? தானாவே இன்னைக்குக் கட்டத்துக்கு வந்துடற மாதிரி வச்சா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அது கூடவே கூடாது. எல்லாப் பாக்கியும் தினமும் தானே இன்றைக்கு வந்து குவிந்தால், எது நேற்றுத் தவறியது, எது மூன்று வாரமாகத் தூங்குகிறது என்று எந்த மகராசனுக்குத் தெரியும்? அவள் சுவர்த்தாளில் பாக்கி வேலையை அழிக்கவே மாட்டாள். அது அந்தப் பழைய கட்டத்திலேயே இருந்து முறைத்துக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைக்கும். இதெல்லாம் தொண்டை வரை வந்தது. மாப்பிள்ளை ஆசையாகச் சொல்கிறாரே, எப்படி வேண்டாம் என்பது?

"அருமையான யோசனை மாப்பிள்ளை" என்று மென்று விழுங்கிவிட்டு, அதையும் திட்டத்தில் எழுதினாள்.

பத்து நாள் இப்படியே போயிற்று. ஒரு சண்டை கிடையாது, ஒரு முகச்சுளிப்பு கிடையாது. அவள் சொன்னதெல்லாம் நல்லா இருந்தது, அவர் சொன்னதெல்லாம் அருமையாக இருந்தது. திங்கட்கிழமை மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளும் குறியைப் போட்டுத் திட்டத்தை அனுப்பினார். "பார்த்தீங்களா அத்தை, நாலு நாள் முன்னாடியே முடிச்சிட்டோம்" என்றார். அவளும் சிரித்தாள். ஆனால் என்னவோ, வயிற்றுக்குள் சந்தோஷம் இறங்கவில்லை. சட்டைக்குச் சொன்ன அதே குரலில்தான் மாப்பிள்ளை திட்டத்துக்கும் நல்லா இருக்கு என்று சொல்லியிருந்தார்.

செவ்வாய் மாலை திட்டம் திரும்பி வந்தது. அந்த மென்பொருளுக்கே தலைமை 'கீரி' என்ற பெயரில் எழுதும் ஓர் ஆள். ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது. பூசி மெழுகுகிற வழக்கம் மட்டும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கீரி எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"காலண்டர் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பெரிய தவறுகள். கெடு நாளோடு மணியைச் சேர்த்தால், இங்கே செவ்வாய் காலை ஒன்பது என்பது வேறொரு நாட்டில் திங்கள் இரவாக இருக்கும். அங்கே டிக்கெட் ஒரு நாள் முன்னால் போய் உட்காரும். பழைய பாக்கி தானாக இன்றைக்கு நகர்ந்தால், எவ்வளவு தாமதம் என்பதே மறைந்துபோகும். எழுதியவரும் ஒப்புக்கொண்டவரும் இதை ஒருமுறை படித்தார்களா? வெள்ளி பன்னிரண்டு மணிக்குள் திருத்தி வந்தால் பார்க்கிறேன்."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எதிரே மாப்பிள்ளை நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மகள் பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டே, "என்னவாம்?" என்று கேட்டாள். வாங்கிப் படித்தாள்.

"இந்த மணி விஷயம் உங்களுக்குத் தெரியாதா?" என்று கணவரைக் கேட்டாள். "நாள் முழுக்க வெளிநாட்டு ஆளுங்களோட வேலை செய்யறீங்களே."

"தெரியும்" என்றார் மாப்பிள்ளை, மேஜையைப் பார்த்துக்கொண்டே. "அன்னைக்கே தெரியும். அத்தை ஆசையா எழுதியிருந்தாங்க. அப்புறமா கோட் எழுதறப்ப கமுக்கமா சரி பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்."

"நீ? பாக்கி வேலைய நகர்த்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கா சுவத்துல எழுதறியேம்மா!"

"தெரியும்டி" என்றாள் அவள். குரலே எழும்பவில்லை. "மாப்பிள்ளை சொன்னாரேன்னு…"

மகளுக்கு வந்ததே கோபம்! நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் 'தப்பு, திரும்ப எழுது' என்று சொல்லிவிட்டு வருகிறவள் அவள். சிவப்புப் பேனாவை மேஜையில் ஓங்கி வைத்தாள். "அப்போ ரெண்டு பேருக்கும் தப்புன்னு தெரியும். தெரிஞ்சே சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கீங்க. மரியாதையாம் மரியாதை! உலகத்துலயே தப்ப இவ்வளவு மரியாதையா பண்ணவங்க நீங்க ரெண்டு பேராத்தான் இருப்பீங்க."

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. கணினியைத் தூக்கி அம்மா கையில் கொடுத்தாள்.

"நீ உன் ரூமுக்குப் போ. நீங்க முன்னாடி ரூமுக்குப் போங்க. வாயால ஒரு வார்த்தை பேசக் கூடாது. எல்லாத்தையும் அதுல எழுதுங்க, அந்தப் புனைபெயர்லயே. அங்க மாமியாரும் கிடையாது, மாப்பிள்ளையும் கிடையாது."

அப்படியே செய்தார்கள். ஆமையின் முதல் குறிப்பு வர இருபது நிமிடம் ஆயிற்று. "மூன்றாம் பத்தியைச் சற்றே மறுபரிசீலனை செய்ய வாய்ப்பிருக்கலாமோ என்று ஒரு சின்ன எண்ணம்" என்று இருந்தது. இதைப் படித்தால் யாருக்காவது ஒரு எழவாவது புரியுமா? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தட்டினாள்: "மூன்றாம் பத்தியில் என்ன தப்பு? நேராகச் சொல்லவும்."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "மூன்றாம் பத்தி தேவையே இல்லை. வெட்டலாம்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்கே இரண்டு மாலை செலவழித்திருந்தாள். மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தாள். தேவை இல்லைதான். வெட்டினாள். பிறகு அவள் முறை வந்தது. "பாக்கி வேலை பழைய கட்டத்திலேயே இருக்கும். எத்தனை நாள் தாமதம் என்று பக்கத்தில் எண் காட்டும். தானாக எங்கேயும் நகராது. இதில் பேச்சுக்கே இடமில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டு, ஐயோ, மாப்பிள்ளையிடம் போய்ப் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்னறையிலிருந்து பலத்த சிரிப்பு கேட்டது. "சரி. இது என் யோசனையைவிட நல்லது" என்று வந்தது பதில்.

மூன்று மாலையில் முப்பத்தொரு திருத்தம். கெடு நாள் வெறும் நாளாக மட்டும் நின்றது. செவ்வாய் என்றால் உலகத்தில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் செவ்வாய். வாரக் காட்சி, மாதக் காட்சி இரண்டு போதும் என்று ஆமை சொன்னார். நாள் காட்சி இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது என்று ஒன்பதாம்மாடி மல்லுக்கு நின்று ஜெயித்தாள். கலர் கலராகப் பூசலாம் என்ற அவள் ஆசையை ஆமை, "நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்ற ஒரே கேள்வியில் முடித்துவைத்தார். அதுவும் நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அலுவலகத்தில் இருந்தாள். பதினொன்று பத்துக்கு எல்லாம் தயார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒப்புக்கொள்ளும் குறியைப் போட வேண்டியதுதான் பாக்கி. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று பதினைந்து. பதினொன்று இருபது. குறி வரவில்லை. வந்தது ஒரு குறிப்பு.

"ஒப்புக்கொள்ள முடியாது. ஒரு நாளில் பதினைந்து டிக்கெட் இருந்தால் கட்டத்தில் நாலுதான் தெரியும். எந்த நாலு என்று எழுதவில்லை."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பது நிமிடம்தான் இருக்கிறது! ஒரு கணம் பழைய மாப்பிள்ளையே வந்துவிடக் கூடாதா என்று நினைத்தாள். போனை எடுத்தாள்.

"மாப்பிள்ளை, இத அப்புறமா பார்த்துக்கக் கூடாதா? இன்னைக்கு விட்டா ஒரு வருஷம் போயிடும்."

அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். "முடியாது அத்தை" என்றார். வாயால் சொன்னார். "அதுதான் இதுல உயிர். மறைஞ்சுபோற பதினோரு டிக்கெட்டுல ஒண்ணு அந்தப் பல் டாக்டர் டிக்கெட்டா இருந்தா? எத மேல வைக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. எழுதுங்க. நான் இங்கயே இருக்கேன்."

அவள் போனை வைத்தாள். பக்கத்து மேஜையில் மெக்கானிக் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, காலைல உங்களுக்கு நான் பதினஞ்சு வேலை கொடுத்தா எத முதல்ல சொல்லுவேன்?" என்று கேட்டாள்.

"ஆளு உள்ள மாட்டிக்கிற ஆபத்து இருக்கிறதத்தான் முதல்ல சொல்லுவீங்க" என்றார் அவர், இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற முகத்தோடு. "அப்புறம் ரொம்ப நாளா தள்ளிப்போட்டத. புதுசு எல்லாத்துக்கும் கடைசியில. இல்லன்னா திட்டுவீங்க."

அதைத்தான் எழுதினாள். அவசரம் அதிகமானது முதலில். அதே அவசரத்தில் பல இருந்தால் தாமதம் அதிகமானது முதலில். மீதிக்கு 'இன்னும் இத்தனை' என்ற எண். அந்த எண்ணுக்குள் கெடு தாண்டியது ஒன்று இருந்தாலும் தடித்த எழுத்தில். எழுதி முடித்தபோது பதினொன்று நாற்பத்தொன்று. அனுப்பினாள்.

மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தது. "முடியாது. 'அவசரம்' என்பதை யார் குறிப்பார்கள்?"

"அடக் கடவுளே!" என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். மெக்கானிக் டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அவள் ஒரு வரி சேர்த்தாள்: டிக்கெட்டைப் பதிகிறவர் குறிப்பார், நாள் குறிக்கிறவர் மாற்றலாம். அனுப்பினாள்.

பதினொன்று ஐம்பதுக்குக் குறி விழுந்தது. பக்கத்தில் ஆமை எழுதியிருந்தார்: "நன்றாக இருக்கிறது."

நாலு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சொல்தான். நன்றாகத்தான் இருக்கிறது போலிருக்கிறது, உண்மையாகவே. இல்லாவிட்டால் அந்த மனிதர் சொல்லியிருக்க மாட்டார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கீரி அதை அடுத்த பதிப்பின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை. 'காலண்டர், திட்டம்: ஒன்பதாம்மாடி' என்று ஒரே வரி. அவள் அந்த வரியை ஏழெட்டு முறை படித்துவிட்டு மகளுக்குப் போன் போட்டாள். மகள் வகுப்புகளுக்கு நடுவில் இருந்தாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"என்னம்மா ஆச்சு? சீக்கிரம் சொல்லு. உன் மாப்பிள்ளை ஒழுங்கா ஒத்துக்கிட்டாரா?"

"லேசுல எங்கடி ஒத்துக்கிட்டாரு?" என்றாள் அவள். குரலில் பெருமை தாங்கவில்லை. "முடியாதுன்னாருடி. முகத்துக்கு நேரா. அதுவும் ஒரு தடவை இல்ல, மூணு தடவை!"